கையை விட்டால் நிற்கும் வண்டி

14 ஜூன் 2004, திங்கள்

காலை எட்டுக்கே அனல் காற்று. ஜெனிக்குத் தடுப்பூசி என்று தலைமையாசிரியை சிஸ்டரிடம் பொய் சொல்லி லீவு. போனது மதுரைக்கு, நரம்பு டாக்டரிடம், எனக்காக. ஸ்டீபனும் வேலைக்குப் போகவில்லை.

போன வியாழன் நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டு, ஜெனியை இடுப்பில் வைத்து இறங்கினேன். பதினேழு படி. அவளைப் பாயில் விட்டேன். உலை வைத்தேன். அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது அடுப்படித் தரையில் கிடக்கிறேன். சோறு கருகி வீடெல்லாம் புகை. ஜெனி தவழ்ந்து வந்து என் முடியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக அழுதாளோ.

பதினேழு படி. அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் சொன்னவை:
மாத்திரை இனி இரவு ஒன்றரை.
நன்றாகத் தூங்க வேண்டும். (எட்டு மாதக் குழந்தைக்காரியிடம்!)
பால் கொடுப்பது தரையில் உட்கார்ந்துதான்.
தனியாகக் குளிப்பாட்டக் கூடாது.
தூக்கிக்கொண்டு நடக்கவே கூடாது.

"அப்ப நான் ஸ்கூலுக்கு எப்படி டாக்டர் போறது?" என்றேன்.

"வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போங்க. கையை விட்டா தானா நிக்கிற வண்டியா பாருங்க. வெளிநாட்டுல இந்த மாதிரி அம்மாங்க அதைத்தான் வச்சிருக்காங்க."

இந்த மாதிரி அம்மாங்க. பஸ்ஸில் கொடைரோடு வரும்வரை காதில் அதுவேதான்.

15 ஜூன், செவ்வாய்

ஸ்டீபன் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார். ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டு கிணற்றுக்குப் பம்ப்செட் மாட்டும் வேலை. வேறு வழியில்லை, ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போனேன். வீட்டிலிருந்து லூர்து அக்கா வீடு பன்னிரண்டு நிமிட நடை. பள்ளிக்கு எதிர்வீடு. என்னையும் சேர்த்து நான்கு டீச்சர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

சுவரை ஒட்டியே நடந்தேன். விழுந்தால் அவள்மேல் விழுவேனா, அவளைத் தூக்கி எறிவேனா? எது நல்லது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இப்படியெல்லாம் ஒருத்தி யோசிப்பாளா.

ஆட்டோ? பக்கவாட்டில் கதவே கிடையாது. மடியிலிருந்து நேராக ரோடு.

பக்கத்து வீட்டில் தூக்கி வரச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தால் செம்பட்டியில் அத்தைக்குத் தெரிய ஒரு நாள் போதும்.

நிச்சயத்துக்கு முன்பே ஸ்டீபனிடம் என் நோயை நானே சொல்லிவிட்டேன். "எங்கம்மாட்ட மட்டும் வேணாம் செல்வி. அது தாங்காது" என்றார். நான்கு வருடமாக மாத்திரை டப்பாவில் 'சத்து மாத்திரை' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அத்தை வந்தால் அதையே கேட்பார்கள். "இம்புட்டு சத்து மாத்திரை திங்கிற, ஒடம்பு தேறக் காணோமே."

19 ஜூன், சனி

கடைவீதி. குழந்தை வண்டி இருந்தது ஒரே கடையில், அதுவும் ஒரே மாதிரி. நான்கு சக்கரம், பொம்மைக்குப் போடுகிற அளவில் பிளாஸ்டிக். கூரையில் கரடிப் படம். காலால் அமுக்குகிற பிரேக்.

"நின்ன பெறகுதான் பிரேக் போடணுமா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. ஓடுறப்ப எதுக்கு பிரேக்? நீங்கதான் பிடிச்சிருக்கீங்கள்ல?" என்றார் கடைக்காரர்.

சரியான கேள்வி. பதில் சொல்லாமல் கடை வாசல்வரை தள்ளிப் பார்த்தேன். சாக்கடையை மூடியிருந்த கல் இடுக்கில் முன்சக்கரம் சிக்கி வண்டி அப்படியே மூக்குக் குப்புற. நல்லவேளை, காலி வண்டி. எங்கள் தெருவில் இந்த மாதிரி கல் பதினொன்று.

ஸ்டீபன் எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் முடியாது என்றேன். வெயிலில் இருவருக்கும் கோபம். ஜிகர்தண்டா குடித்துவிட்டு வீடு.

22 ஜூன், செவ்வாய்

மழை வருவதுபோல் இருட்டி வந்தது, வரவில்லை. மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில் பாதிப் பேருக்கு இன்னும் கழித்தல் வரவில்லை.

மதியம் கரும்பலகையில் எழுதும்போது நாக்கில் துருப்பிடித்த ருசி. சில சமயம் அதுதான் முன்னறிவிப்பு. நாற்காலியில் உட்கார்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. "டீச்சர், உங்களுக்கு வேர்க்குது" என்றாள் முதல் பெஞ்சு. உட்கார்ந்தபடியே பாடம் முடித்தேன்.

மாலை ஸ்டீபன் போன். வத்தலக்குண்டில் ஒரு கடை. கொடைக்கானலிலிருந்து ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்களின் சாமான்களை வாங்கி விற்கிறார்களாம். "ஒரு வண்டி கெடக்கு. மூணு சக்கரம். ஒவ்வொண்ணும் சின்னப் புள்ள சைக்கிள் டயர் சைஸ். கைப்பிடியில பிரேக் இருக்கு. எடுக்கவா?"

மூன்று சக்கரமா? பழனி ரோட்டு வளைவில் ஆட்டோ ஒன்று கவிழ்ந்து கிடந்ததைப் போன மாதம்தான் பார்த்தேன்.

"ஆட்டோக்காரன் நூறு பேர ஏத்திக்கிட்டு நாப்பதுல திரும்புவான். நீ திரும்பப் போறியா நாப்பதுல?"

எடுக்கச் சொன்னேன்.

24 ஜூன், வியாழன்

வண்டி வந்துவிட்டது, கம்பெனி வேனில் பம்ப்செட் பெட்டிகளுக்கு நடுவே. நீலத்துணி, வெளுத்துப்போனது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. காற்றடித்த நிஜ டயர். பின்சக்கரங்கள் நன்றாக அகலத்தில்.

தெருவே கூடிவிட்டது. "ஐஸ் வண்டியா டீச்சர்?" "நடைவண்டிய திருப்பிப் போட்டாப்ல இருக்கு." "தூக்கிட்டுப் போக வலிக்குதாக்கும். வெள்ளைக்காரியாட்டம்." சிரித்து வைத்தேன். இடுப்பு வலி என்றேன். வரிசையாகப் பொய்.

மாலை ஜெனி எடைக்கு எட்டுக் கிலோ அரிசியை மூட்டை கட்டி வண்டியில் வைத்து வாரைப் பூட்டிச் சோதனை. சாக்கடைக் கல்லில் ஏறி இறங்கியது, சிக்கவில்லை. பிறகு ரேஷன் கடைச் சரிவில் வேண்டுமென்றே கையை விட்டேன். நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. ஸ்டீபன் ஓடிப்போய்ப் பிடித்தார். பிரேக்கை அழுத்தினால்தான் நிற்கும், விட்டால் ஓடும். நமக்கு வேண்டியது நேர் எதிர்.

அந்தச் சரிவில் மூட்டை போன வேகம். மூட்டையாகத் தெரியவில்லை எனக்கு.

26 ஜூன், சனி

மாவு அரைக்கப் போட்டுவிட்டு வண்டியைக் காதர் பாய் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஐம்பது வயதிருக்கும். பேசுவது குறைவு. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றி விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூணு சக்கரம் நல்லதுதான் டீச்சர். மேடு பள்ளத்துல நொண்டாது. முன் சக்கரம் சட்டுனு திரும்பினாத்தான் சாயும். அதத் திரும்பவிடாமப் பூட்டிடுறேன். வளையணும்னா பின்னால அழுத்தி முன்னத் தூக்கித் திருப்பிக்கங்க."

கையை விட்டால் நிற்க வேண்டும் என்றதும் சிரித்தார். "அப்ப பிரேக்க மாத்திப் போட்டுறலாம். ஸ்பிரிங் எப்பவும் பிரேக்கப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க கைப்பிடிய அமுக்குனாத்தான் வண்டி நகரும். கை தளந்துச்சுன்னா நின்னுரும்."

அவ்வளவு சந்தோஷம் எனக்கு. திரும்பும்போது மல்லிகை வாங்கினேன்.

27 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நடுவில் சட்டென்று ஒரு நினைப்பு.

கை தளர்ந்தால் நிற்கும் என்கிறார். என் கை தளருமா?

எனக்குத் தெரியாது. பதினேழு வயதிலிருந்து வருகிறது, ஒருமுறைகூட நான் அதைப் பார்த்ததில்லை. இந்த வீட்டில் பார்த்தவர் ஸ்டீபன். இரண்டு தடவை.

கேட்டேன். பேப்பரை மடித்தார், விரித்தார். "அதெல்லாம் எதுக்கு இப்ப."

"என் கை என்ன செய்யும்? அதை மட்டும் சொல்லுங்க."

பேப்பரை ஓரமாக வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி மெல்ல விரல்களை மடக்கினார். இறுக்கினார். நகக்கண் வெளுக்கும்வரை. முழங்கை மடங்கி நெஞ்சோடு வந்தது. தாடை இறுகியது. கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

"பிரிக்கவே முடியாது செல்வி. மொத தடவ பிரிக்கப் பாத்தேன். ஒன் விரல் ஒடைஞ்சிருமோன்னு விட்டுட்டேன்."

அப்படியென்றால் பிரேக் பிடியை நான் இறுக்கிப் பிடித்தபடியே விழுவேன். வண்டி நிற்காது. விழும் வேகத்தில் அதை இழுத்துக் கவிழ்க்கவும் செய்வேன்.

மீன் குழம்பு வைக்கவில்லை. ரசம்.

28 ஜூன், திங்கள்

பள்ளி விட்டதும் நேராக சைக்கிள் கடை. தனியாக. அரசு பஸ் ஒன்று ஊதிக்கொண்டு போனது, அது போகட்டும் என்று நின்றேன். பிறகு இன்னொரு பஸ்.

"பாய், அந்த பிரேக் வேண்டாம். எனக்கு வலிப்பு வரும். அப்ப கை தளராது, இறுகிரும்."

ஸ்டீபனுக்கும் டாக்டர்களுக்கும் அப்புறம் இந்த உலகத்தில் மூன்றாவதாக ஓர் ஆளிடம் சொல்கிறேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். ஐயோ பாவம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப கைய நம்பக்கூடாது" என்றார். வண்டிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, "விழுகுறதத்தான் நம்பணும்."

பாய் சொன்ன வழி இது: ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கத் தயாராக இருக்கும். ஒரு இரும்பு ஊசி அதைத் தடுத்து வைத்திருக்கும். ஊசியிலிருந்து ஒரு கயிறு, என் மணிக்கட்டுக்கு. நான் விழுந்தால் கயிறு ஊசியைப் பிடுங்கும். இரண்டு பின்சக்கரமும் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். கைப்பிடியில் ரப்பர் குழாயைச் சுற்றிச் சுற்றித் தடியாக்கிவிடுவார். என் விரல் சுற்றிவளைக்க முடியாத தடிமன். உள்ளங்கையால் தள்ள மட்டும்தான் முடியும். பின்னால் சாயாமல் இருக்க இரண்டு முட்டுக்கம்பி.

"யார்ட்டயும் சொல்லிறாதீங்க பாய்."

"சைக்கிள் கடையில சைக்கிளப் பத்தித்தான் டீச்சர் பேசுவாக."

1 ஜூலை, வியாழன்

வண்டி தயார். ரேஷன் கடைச் சரிவில் மூட்டையோடு பதினான்கு தடவை. ஸ்டீபன் விழுந்து காட்டினார், நான் விழுந்து காட்டினேன். முழங்கை சிராய்ப்பு. பதினான்கிலும் நின்றது. பதினைந்தாவது தடவை ஊசி பாதியில் சிக்கிக்கொண்டது. பாய் அதை அரத்தில் தேய்த்து எண்ணெய் விட்டார். அதன்பிறகு ஆறு தடவை சரி.

ஆனாலும் அந்தப் பதினைந்தாவது.

2 ஜூலை, வெள்ளி

ஜெனியோடு முதல் நாள். ஒவ்வொரு சாக்கடைக் கல்லையும் எண்ணிக்கொண்டு தள்ளினேன். அவளோ இரண்டு கையையும் தட்டிக்கொண்டு எல்லா நாயையும் கூப்பிட்டுக்கொண்டு. காற்று வேறு, கூரைத்துணியில் புகுந்து வண்டியைத் தள்ளுகிறது. கூரையைக் கழற்றிவிட்டேன். பன்னிரண்டு நிமிட நடைக்கு இருபது நிமிடம் ஆனது.

வாங்க: ஜெனிக்குத் தொப்பி, மிளகு, சிவப்பு இங்க்.

6 ஜூலை, செவ்வாய்

எழுத முடிகிறதா பார்க்கிறேன். நாக்கைக் கடித்திருக்கிறேன், வீக்கம். தலைவலி.

துருப்பிடித்த ருசி எதுவும் வரவில்லை. பால் டிப்போவைத் தாண்டியது தெரியும். பிறகு முகங்கள். கீழிருந்து பார்க்க எல்லோரும் பனைமர உயரத்தில். என் கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். இரும்பு பிடித்தால் நிற்குமாம். ஒரு குரல், "கூட்டம் போடாதீக, காத்து வரட்டும்." இன்னொரு குரல், "டீச்சரம்மால்ல இது?"

ஜெனி எங்கே என்று கேட்டேன். வாய் குழறியது. யாருக்கும் புரியவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி. யாரும் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தை நான் எழுதப்போவதில்லை.

பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்து காட்டினார். ஜெனி அவர் தோளில். வாய்நிறைய ரோஜா இதழ். காதருகே சின்னக் கீறல்.

வண்டி நின்றதாம். ஆனால் ஒருபக்கம் சாய்ந்து நின்றதாம். நான் விழுந்த இழுப்பில் இடப்பக்கச் சக்கரம் தூக்கிக்கொண்டது. சுவர் தாங்கியது. வார் அவளைப் பிடித்துக்கொண்டது. சுவர் இல்லாத இடமாக இருந்திருந்தால்?

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிஸ்டர் ஆள் அனுப்பினார்கள், வெள்ளிவரை லீவு என்று. அதற்குமேல் என்ன சொல்வார்களோ. ஸ்டீபன் பழனியிலிருந்து பைக்கில் எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

7 ஜூலை, புதன்

பதினொரு மணிக்கு அத்தை. செம்பட்டி பஸ்ஸில், பையில் நான்கு நாள் புடவை. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜெனியை வாங்கிக் காதைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு ஸ்டீபனிடம், "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பருந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

அதன்பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடமும்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தபின் சொன்னார்கள். "புள்ளைய நான் கொண்டு போறேன். நடக்கிற வரைக்கும் அங்க கெடக்கட்டும்."

இதற்குத்தான் நான்கு வருடமாகப் பயந்தேன். ஸ்டீபன் தரையைப் பார்த்தார். நான் பார்த்தேன் அவர் பேசுவாரா என்று.

"அத்தை, அவ எங்கயும் வரமாட்டா."

என் குரல்தான். நாக்கு வீக்கத்தில் அது வேறு யார் குரலோ போல வந்தது. "நீங்க இங்க இருங்க. எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க. அவளத் தர மாட்டேன்."

அத்தை பையைத் தூக்கவில்லை.

8 ஜூலை, வியாழன்

காற்று, தூசி. ஸ்டீபன் வண்டியைப் பாயிடம் கொண்டு போனார். கயிற்றை நடுவில் கட்டாமல் ஓரத்தில் கட்டியதுதான் சாய்த்தது என்றாராம். நடுவுக்கு மாற்றிக் கட்டி, பாய் தானே நான்கு தடவை ரோட்டில் விழுந்து பார்த்தாராம்.

அத்தை மகனிடம் இன்னும் பேசவில்லை. "அவன்ட்ட சொல்லு, சட்டைய மாத்தச் சொல்லி." பக்கத்தில்தான் நிற்கிறார் அவர்.

பக்கத்து வீட்டம்மா வேலி ஓரம் வந்து அத்தையிடம் குசுகுசு. என் காதில் விழுந்தது: "ஏமாத்திக் கட்டிக் குடுத்துட்டாகளே."

அத்தை: "ஏமாத்துனது நான் பெத்தது. நீ ஒன் வேலையப் பாரு."

எனக்கு என்ன என்று புரியவில்லை. கோபமா, ஆதரவா? முகத்தைப் பார்த்தாலும் தெரியவில்லை.

10 ஜூலை, சனி

சிஸ்டர் வீட்டுக்கே வந்தார்கள். திங்கள் வரலாம். மாடி வகுப்பு வேண்டாம், கீழ் அறை தருகிறேன் என்றார்கள். டீ குடித்தார்கள். போனபின் குளியலறைக்குள் போய் அழுதேன். தாழ்ப்பாள் போடாமல். டாக்டர் போடக்கூடாது என்றிருக்கிறார்.

திங்கள் மறுபடி அதே வழி. அதே பால் டிப்போ. அதே சுவர், அது முடியும் இடம்.

11 ஜூலை, ஞாயிறு

காலைப் பூசை. அத்தையும் வந்தார்கள். கோழி அடித்துக் குழம்பு. ஸ்டீபன் வேண்டுமென்றே உப்புப் பற்றவில்லை என்றார். அத்தை உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினார்கள்.

மதியம் ஜெனி தூங்கியபின் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அத்தை எதிரில் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏத்தா, அது வந்தா நான் என்ன செய்யணும்?"

கீரையை வைத்துவிட்டேன்.

"எங்க சித்தப்பனுக்கு வரும். களத்துமேட்டுல விழுவான். எல்லாரும் ஓடுவோம். நானும் ஓடிருவேன். இப்பவும் எனக்கு பயந்தான். ஒனக்கு வந்தா ஓடிருவேனோன்னுதான் நாலு நாளாத் தூக்கமில்ல. அதான் புள்ளையக் கொண்டு போறேன்னேன். என்ன செய்யணும்னு சொல்லு."

கையில் இரும்பு வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். பிடித்து அமுக்க வேண்டாம். முதலில் ஜெனியை எட்ட வைக்க வேண்டும். பிறகு என்னை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. சொல்லி முடித்தேன்.

"சொன்னா எனக்கு நிக்காது. செஞ்சு காட்டு."

கூடத்தில் பாயை நகர்த்திவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தேன். விரல்களை மடக்கி நெஞ்சோடு இறுக்கினேன், ஸ்டீபன் காட்டியதுபோல. அவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முட்டிபோட்டு உட்கார்ந்தார்கள். முதலில் என்னைத் தொடவே இல்லை. பிறகு தோளிலும் இடுப்பிலும் கையைக் கொடுத்து, மூச்சு வாங்க, என்னைப் புரட்டினார்கள். பூண்டு வாசனைக் கை. என் தலைக்கு அடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்தார்கள்.

"டேய்" என்றார்கள் ஸ்டீபனைப் பார்த்து. நான்கு நாளில் முதல் வார்த்தை. "மணியப் பாருடா."

"ரெண்டு இருபதும்மா."

"சரியாப் பொரட்டுனேனா?" என்று என்னிடம்.

"சரிதான் அத்தை. தலை மட்டும் இன்னும் கொஞ்சம் சாயணும்."

"அப்ப இன்னொரு தரம் படு."

படுத்தேன்.